மணலும் திரையும்

(மறைமலை நகரில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"அடுத்த பத்து ஆண்டுகளில் நம் பள்ளியில் மின்வழிக் கற்றல் எப்படி இருக்க வேண்டும்? அதற்கு ஒரு தொலைநோக்குத் திட்டம் எழுதப் போகிறோம். நீங்கள் வந்து பேச வேண்டும்" என்று அழைத்தீர்கள். வருவதற்கு முன் உங்கள் வரைவை வாங்கிப் படித்தேன். முதல் பக்கத்தில் எத்தனை திரை, எத்தனை டேப், இணைய வேகம் எவ்வளவு என்று இருக்கிறது. இரண்டாம் பக்கத்திலும் அதுதான். பிள்ளை எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடிக்கொண்டே போனேன். நான்காம் பக்கத்தில், 'பயனாளிகள்' என்ற தலைப்பின் கீழே, ஓர் எண்ணிக்கையாக வந்தது.

உழைத்து எழுதியிருக்கிறீர்கள். அந்த உழைப்பை மதித்துத்தான் சொல்கிறேன். அந்த நான்காம் பக்கத்தை முதல் பக்கம் ஆக்குங்கள். பிள்ளையிலிருந்து கருவிக்குப் போங்கள். அதிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிலிருந்து தொடங்குங்கள். இன்று நான் எதைச் சொன்னாலும் இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

இந்த ஊருக்குப் பெயர் தந்தவரிலிருந்து தொடங்குகிறேன். 1876-ல் நாகப்பட்டினத்தில் வேதாசலம் என்ற பெயரோடு பிறந்த பிள்ளை. தந்தை காலமானார். வெசுலியன் மிஷன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. இன்றைய நம் பதிவேட்டில் அந்தப் பையனின் பெயருக்கு எதிரே என்ன எழுதுவோம்? 'இடைநின்ற மாணவர்' என்று எழுதுவோம். அதோடு நம் கணக்கு முடிந்துவிடும். ஆனால் அந்தப் பையனின் கணக்கு முடியவில்லை. நாகையில் நாராயணசாமிப் பிள்ளை என்ற தமிழறிஞர் புத்தகக் கடை வைத்திருந்தார். பையன் அவரிடம் போய்ச் சேர்ந்தான். அவரிடமே தமிழ் கற்றான். 1898-ல் அந்தப் பையன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். நம் தாம்பரத்தில் இருக்கிறதே, அதே கல்லூரிதான். அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது, 1937-ல்தான் இங்கே வந்தது. பின்னால் மறைமலை அடிகள் என்று தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டார். பல்லாவரத்தில் வாழ்ந்து, ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்களைத் தமிழ் மக்களுக்கே விட்டுச் சென்றார்.

அந்தப் பையனுக்குக் கிடைத்தது என்ன? புத்தகங்கள் கிடைத்தன, பக்கத்தில் உட்கார ஒரு மனிதர் கிடைத்தார். கடை மட்டும் இருந்து அந்த மனிதர் இல்லாமல் போயிருந்தால்? மனிதர் மட்டும் இருந்து கடை பூட்டிக் கிடந்திருந்தால்? இந்த ஊருக்கு இன்று வேறு பெயர் இருந்திருக்கும்.

இப்போது உங்களை எழும்பூருக்கு அழைத்துப் போகிறேன். இங்கிருந்து கடற்கரை வண்டியில் ஏறி எத்தனையோ முறை எழும்பூரில் இறங்கியிருப்பீர்கள். அந்த ரயில் நிலையம் இருக்கும் பகுதியில் அந்தக் காலத்தில் ஒரு சிறு கோட்டை இருந்தது. அதில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி. 1789-ல் அந்தப் பள்ளிக்குப் பொறுப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்துக்காரர், பாதிரியார். ஒரு நாள் குதிரையில் போகும்போது வழியில் ஒரு 'மலபார் பள்ளி'யைக் கண்டார். அன்றைய ஆங்கிலேயர் தமிழர்களைத்தான் மலபார்கள் என்றார்கள். நம் திண்ணைப் பள்ளி! பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுது, அழி, மறுபடி எழுது. காகிதம் வேண்டாம், மை வேண்டாம், பிழை செய்தால் பயம் வேண்டாம். கையால் ஒரு தடவு தடவினால் பிழை போயிற்று.

பெல் நேரே தன் பள்ளிக்குத் திரும்பினார். அரிச்சுவடி வகுப்புக்கு மணலில் எழுதச் சொல்லிக் கொடுங்கள் என்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். பெல் என்ன செய்தார் தெரியுமா? ஜான் ஃப்ரிஸ்கென் என்று ஒரு சிறுவன், எட்டு வயதுதான் இருக்கும், அவனை அழைத்து, "நீ சொல்லிக் கொடு" என்றார். அவன் சொல்லிக் கொடுத்தான். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். 1797-ல் இதையெல்லாம் எழுதி லண்டனில் அச்சிட்டார் பெல். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளி இன்றும் நடக்கிறது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1833-ல் தொடங்கிய பள்ளி.

மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை கடல் தாண்டிப் போன கதை இது. கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இரண்டு உண்மைகளைச் சொல்லாமல் இந்தக் கதையை விட எனக்கு மனம் வராது.

அந்தத் திண்ணையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் இருந்ததா? இல்லை. சாதியின் பெயரால் எத்தனையோ பிள்ளைகள் அந்தத் தெருவுக்குள்ளேயே வர முடியவில்லை. பெண்பிள்ளைகள் பெரும்பாலும் வெளியேதான். மணல் எல்லோருக்கும் பொதுவாகத்தான் கிடந்தது. அதன் முன்னால் உட்காரும் உரிமைதான் பொதுவாக இல்லை. இன்று மணல் இருந்த இடத்தில் திரை வந்திருக்கிறது. அதன் முன்னால் யார் உட்காருகிறார்கள்? யார் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார்கள்? இதை நீங்கள் ஒவ்வொரு மாதமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இங்கிலாந்து இந்த முறையை என்ன செய்தது? பிள்ளைக்குப் பிள்ளை கற்பிப்பதில் இருந்த உயிரை விட்டுவிட்டு, அதில் இருந்த சிக்கனத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்து, ஒரே ஆசிரியரை வைத்து, கிளிப்பிள்ளை போல ஒப்பிக்க வைத்தது. "கருவி வந்துவிட்டது, இனி ஆசிரியர் எதற்கு?" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்தக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கருவி வரும்போதெல்லாம் இப்படி ஒரு பேச்சும் கூடவே வந்திருக்கிறது. திரைப்படம் வந்துவிட்டது, இனி பள்ளிக்கூடத்தில் புத்தகமே இருக்காது என்று 1913-ல் எடிசன் சொன்னார். 1930-ல் சென்னை மாநகராட்சி வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் காற்றில் வந்தன. 1975-ல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு ஓராண்டு காலம் தொலைக்காட்சி போனது. 2004-ல் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் பறந்தது. 2011-ல் நம் பிள்ளைகள் கையில் விலையில்லா மடிக்கணினி. 2018-ல் புதிய பாடநூலில் கியூஆர் குறியீடு. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில் வந்தது. ஒவ்வொன்றாலும் பயன்பட்ட பிள்ளைகள் உண்டு, மறுக்கவே மாட்டேன். ஆனால் எடிசன் சொன்னது நடந்ததா? புத்தகம் போயிற்றா?

என் பணிக்காலத்தில் நான் கண்ட முதல் பள்ளிக் கணினியைப் பற்றிச் சொல்கிறேன். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். தலைமையாசிரியர் அறையின் மூலையில் இருந்தது. மேலே பூப்போட்ட துணி உறை. தூசி படக் கூடாது என்று அறைக்குப் பூட்டு. சாவி இடுப்புக் கொத்தில். ஆண்டுக்கு ஒரு நாள், ஆயுத பூஜையன்று, உறையை எடுத்துத் துடைத்து, திரையின் நெற்றியில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பிள்ளைகளை வரிசையாக உள்ளே விடுவோம். கும்பிட்டுவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு பையன் போகிற போக்கில் விசைப்பலகையில் 'க' எங்கே இருக்கிறது என்று கேட்டான். வரிசை நகர வேண்டுமே என்று நான் அவன் தோளைத் தொட்டு முன்னால் அனுப்பிவிட்டேன். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தக் கேள்வி என் தோளில் உட்கார்ந்திருக்கிறது. அவன் விரல் அந்த எழுத்தைத் தொட்டிருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும்?

சரி, பூட்டி வைக்காமல் கொடுத்துவிட்டால் போதுமா? அதையும் உலகம் செய்து பார்த்துவிட்டது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 2012-ல் வெளிவந்த ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறவில்லை என்றது. பூட்டி வைத்தாலும் பயனில்லை; கையில் திணித்தாலும் பயனில்லை. அப்படியென்றால் எதில் இருக்கிறது பயன்?

அதைச் சொல்ல, நம் ஊர்க் கதை ஒன்றுக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் வகுப்பறைகளைப் பூட்டினோம். ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் கதவு திறந்தது. இடையில் நாங்கள் கைப்பேசியில் பாடம் நடத்தினோம். காலை பத்து மணிக்கு வகுப்பு. என் வகுப்பில் ஏழாவது படிக்கும் ஒரு பெண்பிள்ளை வரவே இல்லை. நாள்தோறும் அவள் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று குறித்தேன். மாதக்கணக்கில் குறித்தேன். பிறகு ஒரு நாள் முகக்கவசத்தோடு வீட்டைத் தேடிப் போனேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஷீட் போட்ட வீடு. அப்பாவுக்கு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. வீட்டுக்கு ஒரே ஒரு போன். பகல் ஷிப்ட் என்றால் போனும் அவரோடு வேலைக்குப் போய்விடும். இரவு ஷிப்ட் என்றால் காலையில் வந்து படுப்பார். அப்பா வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் போன் அவள் கைக்கு வரும்; அப்போதும் நேரடி வகுப்புக்கு டேட்டா போதாது.

அவள் ஒரு நோட்டை எடுத்து வந்து காட்டினாள். 192 பக்க நீள நோட்டு. நாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அத்தனையையும் போனைப் பார்த்துக் கையால் எழுதியிருந்தாள். செய்தி வந்த நேரத்தைக்கூட விடவில்லை. ஓரத்தில் சின்னதாக '10:04' என்று எழுதியிருந்தாள். போனைத் திருப்பிக் கொடுத்த பிறகு நோட்டைப் பார்த்துப் படிப்பாளாம். வீடியோ வந்த இடத்தில் ஒரு கட்டம் வரைந்து, நடுவில் முக்கோணம் போட்டு, கீழே எழுதியிருந்தாள்: 'பார்க்கவில்லை. டேட்டா தீர்ந்தது.' நான் எண்ணினேன். அப்படி முக்கோணம் போட்ட கட்டங்கள் முப்பத்தேழு.

பெற்றோர்களே, நான் 'வரவில்லை' என்று குறித்த பிள்ளை அவள். அந்த வகுப்பிலேயே அதிகமாக வந்தவள் அவள்தான்.

"எப்படி அனுப்பினால் உனக்கு உதவும்மா?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "பேசி அனுப்புங்க சார். பேச்சுன்னா டேட்டா அவ்வளவா போகாது. ராத்திரி போட்டுக் கேட்டுக்குவேன்." அடுத்த வாரத்திலிருந்து மூன்று நிமிடக் குரல் பதிவுகளாகப் பாடத்தை அனுப்பினேன். வீடியோவில் நான் கரும்பலகை முன் நின்று மணிக்கணக்கில் பேசியது போய்ச் சேராத வீடுகளுக்கெல்லாம் அந்த மூன்று நிமிடம் போய்ச் சேர்ந்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டே சில தாய்மார்களும் கேட்டார்கள்.

உங்கள் திட்டத்தின் முதல் வரி எங்கே கிடைக்கும் என்று கேட்டால், அந்த நோட்டில் கிடைக்கும் என்பேன். பாடம் சின்னதாக இருக்க வேண்டும். இணையம் இல்லாமலும் திறக்க வேண்டும். பிள்ளைக்கு நேரம் கிடைக்கும்போது கேட்கக் கிடைக்க வேண்டும். இதை எந்த நிபுணரும் எனக்குச் சொல்லவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை சொன்னாள்.

பள்ளி திறந்த பிறகு என்ன ஆயிற்று? தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ச் சோதித்த ஓர் ஆய்வு இருக்கிறது. கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியல் அறிஞர்கள் செய்தது. பள்ளி திறந்த ஆறே மாதத்தில், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள் என்று அது காட்டியது. அந்த மீட்பில் ஏறத்தாழ கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது. 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது அந்தத் திட்டம். மாலை நேரத்தில் தெருக்கோடியில், கோயில் மண்டபத்தில், வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் அதே தெருப் பெண்கள். இந்த அரங்கிலும் அப்படிச் சிலர் இருப்பீர்கள். உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

ஒன்றைக் கவனியுங்கள். திண்ணை மறுபடி வந்தது. இந்த முறை எல்லாப் பிள்ளைகளுக்குமாக வந்தது.

அடுத்தது, பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வது. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கணக்கில் மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டிருக்கலாம். ஆசிரியர்கள் அறிவீர்கள், இது குற்றச்சாட்டு இல்லை, நாள்தோறும் காண்பது. அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய திரையில் ஆறாம் வகுப்புக் கணக்கைக் காட்டினாலும் என்ன புரியும்? டெல்லியில் ஒரு கணினி மென்பொருளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள்; 2019-ல் வெளிவந்தது. பள்ளி முடிந்த பிறகு மையங்களுக்குப் பிள்ளைகள் வருவார்கள். மென்பொருள் முதலில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கும், அங்கிருந்து தொடங்கும். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளும் சேர்ந்தே முன்னேறினார்கள். வகுப்புக்கு உரிய பாடத்தை விட்டுப் பிள்ளைக்கு உரிய பாடத்தைக் கொடுத்ததுதான் காரணம்.

இதைக் கேட்கும்போது இங்கே இருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர் புன்னகைக்கிறீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். செயல்வழிக் கற்றல்! 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் கொண்டு வந்தார். சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்கப் போயிற்று. சுவரில் கற்றல் ஏணி. தட்டில் அட்டைகள். பிள்ளை தானே போய், தான் நிற்கும் படிக்கு உரிய அட்டையை எடுத்து, வட்டமாக உட்கார்ந்து, முடித்துவிட்டு அடுத்த படிக்குப் போகும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாலும் திரும்பி வந்து விட்ட படியிலிருந்தே தொடரலாம். குறைகள் இருந்தன, அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வர மாதங்கள் ஆயின. ஆனால் எண்ணம் எவ்வளவு சரியானது! இன்று லட்சக்கணக்கில் விலை சொல்லி, 'ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற பாடம்' என்று விற்க வருகிறார்களே, அதன் உயிர் அந்த அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. விற்க வருபவரிடம் நீங்கள் கேளுங்கள்: "எங்கள் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று உங்கள் திரைக்குத் தெரியுமா? தமிழில் தெரியுமா? இணையம் இல்லாத நாளில் என்ன செய்வீர்கள்?"

இன்னொரு கதை. சுகதா மித்ரா என்ற அறிஞர் 1999-ல் டெல்லியில் கால்காஜி பகுதியில் ஒரு சுவரில் துளை போட்டு, குடிசைப் பிள்ளைகளுக்காகக் கணினி வைத்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தமிழ் பேசும் சிற்றூர் ஒன்றில் அவர் செய்ததுதான் எனக்கு அதைவிடப் பிடிக்கும். காளிக்குப்பம் என்ற ஊர். தெருவோரக் கணினி. அதில் மரபணுவைப் பற்றிய பாடம், அதுவும் ஆங்கிலத்தில். சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. பிள்ளைகள் தாங்களே தட்டித் தடவி, ஒருவரை ஒருவர் கேட்டு, நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது வரை வந்தார்கள். அதற்கு மேல் ஏறவில்லை. அப்போது அவர் என்ன செய்தார்? உயிரியல் ஆசிரியரைக் கொண்டு வரவில்லை. அந்த ஊரில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளம் பெண்ணைப் பிள்ளைகளோடு உட்காரச் சொன்னார். அவருக்கு மரபணுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாட்டி மாதிரிப் பின்னால் நின்று, "அட! இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எனக்குச் சொல்லுங்க" என்று வியக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பிள்ளைகள் ஐம்பதைத் தொட்டார்கள்.

இந்த ஆய்வின் மேல் கேள்வி எழுப்பியவர்களும் உண்டு. ஆசிரியர் வேண்டாம் என்பதற்கு இதைச் சான்று காட்டினால் நானும் எதிர்ப்பேன். எனக்கு இதில் தெரிவது வேறு. "எங்களுக்குப் படிப்பில்லை, எங்களால் என்ன உதவ முடியும்?" என்று என்னிடம் எத்தனை தாய்மார்கள் கேட்டிருப்பார்கள்! அம்மா, அந்தப் பெண்ணுக்கும் மரபணு தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்குச் சொல்லும்மா" என்று கேட்கத் தெரிந்தது. அது உங்களுக்குத் தெரியாதா?

நம் அரசு 2023-ல் கொண்டு வந்த செயலிக்கு 'மணற்கேணி' என்று பெயர். பாடநூலின் பாடங்களைச் சிறு சிறு அசைவுப் படங்களாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுக்கிறது. வள்ளுவர் கல்விக்குச் சொன்ன உவமையிலிருந்து எடுத்த பெயர். தோண்டத் தோண்ட ஊறும் மணற்கேணி. பாருங்கள், மறுபடி மணல் வந்துவிட்டது! தொடக்கப்பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று அரசு திட்டமிட்டது. உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்திருக்கின்றன. ஆக, கருவி இல்லை என்று இனி நாம் அழ வேண்டியதில்லை. கேணி வந்துவிட்டது. தோண்டுவது யார்?

தோண்டுகிற ஒரு காட்சியை அண்மையில் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் பார்த்தேன். நான்காம் வகுப்பு. பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன். அவன் அப்பா இங்கே கட்டடத்தில் கம்பி கட்டுகிறார். பையனுக்குத் தமிழ் எழுத்து வருகிறது. 'ழ' மட்டும் வரவில்லை. செயலியில் வரும் குரலை மூன்று முறை கேட்டான், வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை டேப்பை வாங்கிக் கீழே வைத்தாள். தன் வாயைத் திறந்து, நாக்கு மேலே எப்படி மடிகிறது என்று காட்டினாள். அவன் குனிந்து அவள் வாய்க்குள் பார்த்தான். "மழை" என்றாள். "மளை" என்றான். "இல்ல, நாக்கை உள்ளே இழு." ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ வந்தது. உடனே ஆசிரியை என்ன செய்தார் தெரியுமா? அதே டேப்பில் அவன் குரலைப் பதிந்தார். அடுத்து வரும் வெளிமாநிலப் பிள்ளைக்கு அவன் குரலே பாடம். மழை, வாழை, தாழை, கிழமை. இந்திப் பொருளையும் அவனே சொல்லிப் பதிந்தான். நாற்பது சொற்கள் ஆகியிருக்கின்றன.

இதைத்தான் நான் தொலைநோக்கு என்கிறேன். ஜான் ஃப்ரிஸ்கென் எழும்பூர் மணலில் செய்ததை இந்தப் பையன் திரையில் செய்கிறான். பிள்ளை பார்ப்பதற்கு மட்டும் திரை என்றால் அது தொலைக்காட்சிப் பெட்டி. பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத் திரை என்றால், அப்போதுதான் அது பள்ளிக்கூடம். தொழிற்சாலைகளைச் சுற்றிய நம் ஊர்ப் பள்ளிகளில் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசும் பிள்ளைகள் கூடிக்கொண்டே வருகிறார்கள். அவர்களைச் சுமை என்று எழுதாதீர்கள். உங்கள் திட்டத்தில் அவர்களைப் பாடம் உருவாக்குபவர்கள் என்று எழுதுங்கள்.

வேகமாக இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பிள்ளையின் தகவல். 2023-ல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் தொடக் கூடாது என்கிறது. பிள்ளையின் பின்னாலேயே போய் நடத்தையைக் கண்காணிக்கவும், பிள்ளையைக் குறிவைத்து விளம்பரம் காட்டவும் தடை விதிக்கிறது. இலவசம் என்று வரும் செயலி, பதிலுக்கு என்ன எடுத்துக்கொள்கிறது என்று கேளுங்கள். அதற்கு முன் நம் கையில் இருப்பதைச் செய்வோம்: பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவதை இன்றோடு நிறுத்துவோம். கடைசியில் வந்த பிள்ளையின் பெயர் இரவு எட்டு மணிக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

மற்றொன்று, செயற்கை நுண்ணறிவு. கேட்டால் கட்டுரையே எழுதிக் கொடுத்துவிடுகிறது. தடை போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தடை பிள்ளையின் சட்டைப்பைக்குள் நிற்காது. முதலில் தன் விடையைத் தன் கையால் எழுதட்டும். பிறகு அதனிடம் கேட்கட்டும். இரண்டையும் வைத்து, இயந்திரம் எங்கே தவறியது, நான் எங்கே தவறினேன் என்று பிள்ளை நண்பர்களுக்குச் சொல்லட்டும். திண்ணைப் பள்ளிப் பிள்ளை மணலில் எழுதி அழித்ததே, அதே பழக்கம். பிழைக்கு அஞ்சாத விரல் வேண்டும்.

பெற்றோர்களே, எதிர்காலம் எப்படி மாறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1990களில் ஃபோர்டு ஆலை இங்கே வந்ததையும் பார்த்தீர்கள். 2022-ல் அதில் உற்பத்தி நின்றதையும் பார்த்தீர்கள். கற்ற தொழில் ஒரே நாளில் கைவிட்டுப் போகும்போது, நாற்பது வயதில் புது வேலையை யாரிடம் கேட்டுக் கற்றீர்கள்? பக்கத்தில் நின்று வேலை செய்த தோழரிடம் கேட்டுக் கற்றிருப்பீர்கள். கேட்கத் தெரிந்தவர், சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர், இந்த இரண்டும் தெரிந்த பிள்ளை எந்தக் காலத்திலும் பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

இப்போது உங்கள் வரைவுக்குத் திரும்புகிறேன். வாங்கும் செலவை எழுதியிருக்கிறீர்கள். பழுது பார்க்கும் செலவை எழுதவில்லை. பேட்டரிக்கும் வயருக்கும் ஆண்டுதோறும் தனித்தொகை ஒதுக்குங்கள். ஆசிரியருக்கு வாரம் இரண்டு பாடவேளையாவது பதிவு செய்யவும் திட்டமிடவும் விடுங்கள். பதிவேடு நிரப்ப அந்த நேரத்தைப் பறிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. மாலை நாலு பத்துக்கு மணி அடிக்கிறது. உங்கள் ஆய்வகக் கதவைப் பூட்டுகிறார்கள். உள்ளே வரிசையாகக் கணினிகள். அப்பா ஷிப்டுக்கும் அம்மா வீட்டு வேலைக்கும் போயிருக்கும் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக் கதவுக்கு வெளியே புளியமரத்தடியில் ஆறரை மணி வரை நிற்கிறார்கள். நான் வரும்போதும் ஒன்பது பேர் நின்றார்கள். ஒருவன் குச்சியால் மண்ணில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களே, நீங்களும் ஒரு தாய். அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள். நாலரை முதல் ஆறரை வரை அந்த அறை திறந்திருக்கும். நாள்தோறும் இரண்டு பெற்றோர் முறை வைத்து உட்காருவார்கள். மேல்வகுப்புப் பிள்ளைகள் கீழ்வகுப்புக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். திங்கள்கிழமை முறைக்கு முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வேறு வேலை இல்லை. செவ்வாய்க்கிழமைக்கு யார் வருகிறீர்கள்? அறையின் சாவியை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள்?